அவர் நடத்திய கழித்தல் பாடம்

மாநில எல்லையில், கோவிந்தாபுரம் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸ் பரீட்சைக்குள் எல்லாப் பிள்ளைகளும் கடன் வாங்கிக் கழிக்க வேண்டும் என்பது அந்த ஆண்டு பள்ளி வைத்த இலக்கு. என் வகுப்பில் பாதிப் பேருக்கு அது வரவில்லை. அதற்காக ஓர் ஆசிரியர் பயிற்றுநரை அனுப்பினார்கள்.

நெடுநெடுவென்ற உயரம், நரைத்த மீசை. நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டார். பிள்ளைகளின் குட்டை பெஞ்சில், முழங்கால் மோவாயை முட்ட அமர்வார். என் குறைகளை எழுதிக்கொண்டு போகப்போகிறார் என்று பயந்தேன்.

இரண்டாம் நாள் அவரே சாக்பீஸை வாங்கிப் பாடம் நடத்தினார். பிள்ளைகள் திருதிருவென விழித்தார்கள். மணி அடித்ததும் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க டீச்சர், எந்த எடத்துல புள்ளைகளுக்குப் புரியாமப் போச்சுங்க?"

நான் தயங்கினேன்.

"சும்மா சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டனுங்க."

"பத்தைப் பிரிச்சுக் காட்டாம நேராக் கணக்குக்குப் போயிட்டீங்க சார். ஒரு குச்சிக்கட்டை அவுத்துக் காட்டியிருந்தாப் புரிஞ்சிருக்குமுங்க."

"அப்ப நாளைக்கு நீங்க அப்படி எடுங்க. நான் பாத்துக் கத்துக்கறனுங்க."

மறுநாள் ஈர்க்குச்சிக் கட்டுகளோடு வகுப்புக்குப் போனேன். பரீட்சையில் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் சரியாகக் கழித்தார்கள். அந்த இருவருக்கும் ஜனவரியில் வந்துவிட்டது.

இப்போது நானும் பயிற்றுநராகப் பள்ளி பள்ளியாகப் போகிறேன். என் பாடம் சொதப்புகிற நாட்களில்தான் ஆசிரியர்கள் என்னிடம் மனம்விட்டுப் பேசுகிறார்கள். அன்று அவர் நிஜமாகவே சொதப்பினாரா, எனக்காகச் சொதப்பினாரா என்பதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.