ஒன்பது பி அளந்த மைதானம்

கணக்கு டீச்சரைப் பார்த்தால் பிள்ளைகள் ஒளிந்துகொள்வார்கள். அரசுப் பள்ளிக் கணக்கு டீச்சரோ ரிசல்ட் வரும் நாளில் ஒளிந்துகொள்வாள். அந்த நாளில் என்னைப் போலக் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பக்கம், கிடங்குகளுக்கு நடுவில் இருந்த அரசுப் பள்ளிக்கூடத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். உங்களுக்கும் பழகிய பாடாகத்தான் இருக்கும்.

மத்தியும் மதிப்பெண்ணும்

அந்த வருஷம் எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு பாஸானவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைக்கலாம். இடம் மிஞ்சும். விழுந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கணக்கில் விழுந்தார்கள். அதாவது, என் பாடத்தில்.

வைப்பின் தீவிலிருந்து படகேறி வந்து எங்கள் தெருவில் மீன் விற்கும் திரேசியா சேச்சிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் ஊர் விஷயம் அத்தனையும் அவள் கூடையில் இருக்கும். ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் நான் பாத்திரத்தோடு வெளியே வந்து, வழக்கம்போல மத்தி மீனை எண்ணிப் போடக் கை நீட்டினேன். அவள் என் கையை மெதுவாக விலக்கினாள்.

"நானே எண்ணிடறேன் டீச்சரே. நீங்க எண்ணினா பாதி தோத்துப் போயிரும்."

ஆபீஸ் கடிதம்

ஓண லீவு முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் தலைமையாசிரியைக்குத் தாலுகா ஆபீசிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. எங்கள் விளையாட்டு மைதானம் நாற்பத்திரண்டு சென்டையும் லாரி நிறுத்த எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள், ரிசல்ட்டும் மோசம், ஆகவே இந்தப் பள்ளிக்கு இவ்வளவு இடம் தேவையில்லை என்று காரணமும் எழுதியிருந்தது. லாரிக்கு இடம் கேட்டு மனுப் போட்டவர் பக்கத்துச் சுக்குக் கிடங்கு முதலாளி.

என் கணக்கு மார்க்கால்தானே மைதானம் போகிறது. தலைமையாசிரியை ஏலியாம்மா டீச்சர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம்தான் இருந்தது. குரலை உயர்த்தியே பேசத் தெரியாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"பெஞ்சு கேட்டு ஆறு வருஷமா எழுதறேன், பதிலே இல்ல. நம்ம அட்ரஸ் அவங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

சர்வேயர் வந்தார்

மழை விட்டதும் சர்வேயர் வந்தார். சுந்தரம் என்று பெயர், பாலக்காட்டுத் தமிழர். என் பேச்சிலேயே வீட்டுப் பாஷை தமிழ் என்று கண்டுபிடித்துவிட்டு அதிலேயே பேசினார். நல்ல மனுஷர்தான். பழைய பிளானைக் கையில் வைத்துக்கொண்டு, இருக்கிற மதிலை ஒட்டியே முன்பக்கம் இரண்டு கட்டை, பின்பக்கம் இரண்டு கட்டை அடித்தார். அளவுச் சங்கிலி சாக்குப் பையிலேயே கிடந்தது. அளக்கவில்லையா என்று கேட்டேன். எல்லாம் பிளானில் இருக்கிறது, அளந்தால் பொழுதுதான் போகும் என்று சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போனார்.

ஒன்பது பி முழுக்க ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் நபீசாவும் ஒருத்தி. கிடங்கில் சுமை தூக்குபவரின் மகள். கடைசியாக நடந்த பரீட்சையில் கணக்கில் ஐம்பதுக்கு ஒன்பது வாங்கியவள். என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"வழி எழுதாம விடை மட்டும் எழுதினா எனக்கு முட்டை போடுவீங்களே டீச்சர், அந்த சாருக்கு யார் போடுவாங்க?"

ஒரே விடை

அந்தக் கேள்வி ராத்திரி முழுக்க என்னை விடவில்லை. மறுநாள் முதல் பீரியடில் ஒன்பது பி-யை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் சொல்லியனுப்ப, காலையிலேயே நபீசாவின் வாப்பா கிடங்கிலிருந்து ஒரு கட்டு கயிறு வாங்கித் தந்திருந்தார். அடிக்கோலை வைத்து நாலடிக்கு ஒரு முடிச்சுப் போட்டோம். மூலைக்கு மூலை குறுக்கே பிடித்தால் நூற்று அறுபத்தெட்டு அடி. மைதானம் இரண்டு முக்கோணம் ஆயிற்று. ஒன்றுக்கு உயரம் எண்பது, மற்றதுக்கு அறுபது. மூன்று தடவை அளந்தும் மாறவில்லை.

வகுப்புக்குத் திரும்பி, தனித்தனியாக உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். பதினோராயிரத்து எழுநூற்று அறுபது சதுர அடி. சென்டில் சொன்னால் இருபத்தேழு. கடைசி பெஞ்சிலும் அதே இருபத்தேழு. நாற்பத்திரண்டு எங்கே, இருபத்தேழு எங்கே. நானும் நாலு தடவை போட்டுப் பார்த்தேன். என் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே விடை வந்தது அன்றைக்குத்தான். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருந்த பியூன் ஹம்சாவுக்கு மட்டும் கவலை.

"நம்ம ஸ்கூல்ல எல்லாரும் சரியாப் போட்டா காப்பியடிச்சதுன்னுதான் சொல்வாங்க. ரெண்டு பேரையாவது தப்பாப் போடச் சொல்லுங்க டீச்சர்."

பதினைந்து சென்ட் எங்கே?

ஆட்சேபம் சொல்ல ஆபீசுக்கு வரச் சொன்ன நாளில் ஏலியாம்மா டீச்சர், நான், நபீசா மூவரும் போனோம். கிடங்கு முதலாளி வெள்ளை முண்டு உடுத்தி முன்வரிசையில் இருந்தார். ஏலியாம்மா டீச்சர் பிள்ளைகளின் கணக்கு நோட்டை அதிகாரியின் மேஜையில் வைத்து, "நாற்பத்திரண்டு எடுக்கறீங்க, இருக்கறது இருபத்தேழு. மீதிக்கு எந்த வகுப்பை இடிக்கப் போறீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். அதிகாரி சிரித்துக்கொண்டே, போட்டுக் காட்டச் சொல்லி ஒரு வெள்ளைத் தாளை நபீசாவிடம் நீட்டினார். அவள் நின்றபடியே வரி வரியாக வழி எழுதி, விடைக்குக் கீழே இரண்டு கோடும் போட்டாள். அதிகாரியின் சிரிப்பு நின்றது. சுந்தரத்தைக் கூப்பிட்டார்.

அன்று மத்தியானமே சங்கிலி பையை விட்டு வெளியே வந்தது. தெருவே மதில் மேல் ஏறி வேடிக்கை பார்த்தது. மைதானம் இருபத்தேழுதான். பிறகு சுந்தரம் பிளானில் இருந்த பழைய எல்லைக் கல்லைத் தேடிக்கொண்டு கிடங்கு வளாகத்துக்குள் போனார். திரும்பி வரும்போது செருப்பெல்லாம் சுக்குத் தூள்.

"பிளானும் சரி, பிள்ளைகளும் சரி. அந்தப் பதினஞ்சு சென்ட் மதிலுக்கு அந்தப் பக்கம் முதலாளியோட சுக்கைக் காயவச்சிண்டு இருக்கு, டீச்சர்."

முதலாளி வந்தார்

முதலாளி தம் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த நோட்டீஸ் அவருக்கே போயிற்று. சில மாதம் இழுத்தடித்துவிட்டு மதிலைத் தள்ளிக் கட்டினார். பழைய மதில் விழுந்த அன்று ஏலியாம்மா டீச்சர் அரை நாள் லீவு விட்டார். பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் புது இடத்தில் இருட்டும்வரை பந்து விளையாடினார்கள். அடுத்த வருஷம் நபீசா பத்தாம் வகுப்பு பாஸானாள். கணக்கில் மட்டும் மயிரிழையில் தப்பினாள். கேள்வித்தாளில் முக்கோணமே வரவில்லை.

ஒரு சாயங்காலம் முதலாளியே பள்ளிக்கு வந்தார். சண்டைக்கோ என்று எனக்கு உள்ளூரப் பயம். அவர் நாங்கள் கொடுத்த சாயாவைக் குடித்து முடித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பேரன் கான்வென்ட்லதான் படிப்பான், அதுல மாற்றமில்ல. கணக்கு மட்டும் உங்ககிட்ட படிக்கட்டும் டீச்சர்."

எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு வரும் என்று ஊர் ஒத்துக்கொள்வதற்கு, பதினைந்து சென்ட் நிலம் காணாமல் போக வேண்டியிருந்தது.