மாமா பெண்ணுக்கு எங்கள் தேசத்தைக் காட்டிய கதை

எங்கள் தேசத்தை வேற்றாள் ஒருவருக்குச் சுற்றிக் காட்டும் பொறுப்பு என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் வந்தது. அப்போது எனக்குப் பத்து வயது இருக்கலாம். தேசத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தேவனாம்பட்டினம் பக்கம் இருந்த எங்கள் குப்பம், கடலூர் முதுநகர் மீன் சந்தை, பள்ளிக்கூடத்தின் பின்பக்கச் சுவர், இவ்வளவுதான். பின்பக்கச் சுவர் ஏன் தெரியும் என்றால் நான் வழக்கமாக அதன் மேல் ஏறித்தான் வெளியே வருவேன். இரண்டாம் வகுப்பும் நானும் ஒருவருக்கொருவர் ஒத்துவராது என்று சீக்கிரமே புரிந்துகொண்டு பிரிந்துவிட்டோம். எழுத்தெல்லாம் பிற்பாடு லாரி ஓட்டிய காலத்தில் மைல் கல்லைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. இதில் பிழை ஏதும் கண்ணில் பட்டால் மைல் கல் நட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அறுபதுகளின் நடுவில் பர்மாவிலிருந்து நம் ஆட்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பினார்கள். அப்படி ஒரு கப்பலில் என் தாய்மாமா வந்து சேர்ந்தார். அம்மாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே ரங்கூன் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போனவர். அங்கேயே கல்யாணம் செய்தார், அங்கேயே ஒரு பெண் பிறந்தாள், அத்தை காய்ச்சலில் போனதும் அங்கேதான். இத்தனை வருஷம் சம்பாதித்ததையெல்லாம் துறைமுகத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டு கப்பலில் ஏற்றிவிட்டார்களாம். ஒரு தகரப் பெட்டியும் மகளுமாக மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு கைலியும் ஒரு சீப்பும் இருந்தன. சீமையிலிருந்து வருகிற மாமா என்று குப்பம் முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்த எனக்கு அந்தச் சீப்பை வைத்து எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை.

மாமா பெண்ணுக்கு என்னைவிட ஒரு வயது ஜாஸ்தி. ரங்கூனில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் சிரிக்கவில்லை. அவள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். “மெட்ராசுக்கு எப்பப்பா போறோம்?”

ரங்கூனில் அவர்கள் தெருவில் இருந்தவர்கள் எல்லாம் மெட்ராஸ் பக்கம் போயிருந்தார்கள். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு அங்கே சர்க்கார் இடம் தருகிறது என்று பேச்சு. அவளுடைய சிநேகிதிகள் அங்கே இருந்தார்கள். எங்கள் வீட்டில் அவளுக்கு நான்தான் இருந்தேன். அவள் மெட்ராஸ் கேட்டதில் தப்பே இல்லை.

“இத்தினி வருசம் கழிச்சி இப்பதான் ஒன் மூஞ்சியப் பாக்குறன். மறுபடியும் போறன்றியேடா,” என்று அம்மா மீன் நறுக்கியபடியே அழுதாள்.

“நான் என்னாக்கா பண்ணுவன்? தாயில்லாத புள்ள. அவ இருக்கலாம்னு சொன்னா இருக்குறன். மாட்டன்னா, அவள அழ வெச்சிக்கிட்டு நான் இங்க எப்பிடி இருக்கிறது?” என்றார் மாமா. “ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்குறன். அன்னிக்கி எங்க தெரு ஆளுங்க மெட்ராசுக்கு வரச் சொல்லியிருக்காங்க.”

அம்மா கையைக் கழுவிக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“டேய், ஒனக்கு வாய் மட்டும்தான இருக்குது. அதயாவது பிரயோசனமா வெச்சிக்க. அந்தப் புள்ளைக்கு நம்ம ஊரு, நம்ம நாடு, நம்ம சனம் எல்லாத்தயும் காட்டு. அவளுக்குப் புடிச்சிப் போவணும். புடிக்கலன்னா என் தம்பி போயிடுவான்டா.”

அம்மா என்னிடம் வேலை சொல்வாள், திட்டுவாள். கெஞ்சியது அன்றைக்குத்தான். அதனால் மறுநாள் காலையிலேயே தேசத்தைக் காட்டக் கிளம்பிவிட்டேன்.

முதலில் ஆற்றோரம் இடிந்து கிடக்கும் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

“யார் கட்டுனது?” என்றாள்.

“எங்க பூட்டன்.”

“பாத்தா வெள்ளக்காரன் கட்டுன மாதிரி இருக்குது.”

“எங்க பூட்டன் வெள்ளையாதான் இருப்பாரு.”

அவள் என் நிறத்தை ஒரு தடவை பார்த்தாள்.

அப்பா எப்போதோ சொன்ன ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரன் இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கியபோது கூடச் சேர்த்து எவ்வளவு நிலம் என்று யாரும் அளக்கவில்லையாம். கோட்டையிலிருந்து பீரங்கி சுடுவது, குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் அவனுக்கு என்று ஒப்பந்தமாம். அவன் இருப்பதிலேயே பெரிய பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து சுட்டானாம். எந்தெந்த ஊரில் குண்டு விழுந்ததோ அந்த ஊரெல்லாம் போச்சு. இதைக் கையைக் காலை ஆட்டிச் சொன்னேன்.

“நீ சொன்னதுலயே இதுதான் பெரிய பொய்,” என்றாள்.

வெகு காலம் கழித்து, என் லாரியில் ஏறிய சரித்திர வாத்தியார் ஒருவர் அது நிஜமாகவே நடந்தது என்றார். அன்றைக்கு நான் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை. அது ஒன்றுதான் எடுபடவும் இல்லை.

“இங்க சனங்க எப்பிடி?” என்று கேட்டாள்.

“தங்கமான சனங்க. சண்டன்னா என்னான்னே தெரியாது.”

அந்த நேரம் பார்த்துத்தானா வலை காயப்போட்டிருந்த இடத்தில் இரண்டு பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்க வேண்டும்? ஒருத்தியின் பரம்பரையை இன்னொருத்தி மூன்று தலைமுறைக்கு விசாரித்துக்கொண்டிருந்தாள்.

“அவுங்க என்னா பண்றாங்க?”

“பாட்டு. திருவிழா வருதில்ல, பாடிப் பாக்குறாங்க.”

கொஞ்ச தூரம் நடந்தபின் அவளாகவே பேசினாள். “எங்க ரங்கூன்ல தங்கக் கோபுரம் இருக்குது. ஊர்ல எங்க நின்னு பாத்தாலும் தெரியும். மல மாதிரி நிக்கும்.”

“எங்க ரங்கூன்” என்று அவள் சொன்னது எனக்குச் சுரீரென்றது. “எங்க சிதம்பரத்துலகூடதான் தங்கத்துல கூர வேஞ்சிருக்குது. ஒங்க கோபுரத்தவிடப் பெருசு,” என்றேன். நான் சிதம்பரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. தங்கக் கூரை என்று அம்மா சொல்லிக் கேட்டதுதான். பெருசு என்பது நான் சேர்த்தது.

இது அம்மா காதுக்குப் போனது. “நெசந்தான். நடராசரப் பாத்துட்டா அவளே மனசு மாறிடுவா,” என்று சனிக்கிழமை காலை எங்களைக் கூட்டிக்கொண்டு முதுநகரில் பஸ் ஏறிவிட்டாள். அப்பா கடலுக்குப் போயிருந்தார். அம்மா, மாமா, அவள், நான் என்று நாலு பேர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழி முழுக்க அம்மா என் முதுகில் விரலால் குத்திக்கொண்டே வந்தாள். பேசு என்று அர்த்தம். நான் உப்பளத்தைக் காட்டினேன், பனைமரத்தைக் காட்டினேன், வெள்ளாறு வந்ததும் அதில் முதலை இருக்கிறது என்றேன். அவள் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

கோபுரம் தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏதோ நானே சாரம் கட்டி எழுப்பியதைப் போல எனக்கு மார்பு விரிந்தது. உள்ளே கோபுர வாசல் சுவரில் வரிசை வரிசையாகக் கல்லில் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் எல்லாரும் கால மடக்கித் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க?”

வெயிலில் தரை கொதித்துக்கொண்டிருந்தது. நானும் ஒரு காலில்தான் நின்றேன். “தர சுடுதில்ல,” என்றேன்.

“அப்ப நடராசரு?”

“அவருக்கும் சுடாதா பின்ன?”

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் நானும் கொஞ்சம் ஆடினேன்.

தங்கக் கூரைக்கு முன்னால் வந்து நின்றோம். வெயிலில் மின்னத்தான் மின்னியது. ஆனால் அவள் கழுத்தை மேலே நிமிர்த்தி எதையோ தேடிவிட்டு, மெதுவாகக் கீழே இறக்கினாள்.

“இதுவா? இவ்ளோதானா?”

அம்மாவின் முகம் விழுந்துபோனது. மாமா வேறு பக்கம் பார்த்தார். போச்சு, மாமா மெட்ராஸ் போய்விடுவார், அம்மா என்னை உப்புப் போட்டுக் காயவைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது.

“அவசரப்படாத. இங்க ஒரு ரகசியம் இருக்குது. சிதம்பர ரகசியம். ஒங்க ரங்கூன்ல ரகசியம் இருக்குதா?”

அவள் திரும்பினாள். “என்னா ரகசியம்?”

“சொல்லிட்டா அது எப்பிடி ரகசியமாவும்? தெரைக்குப் பின்னாடி இருக்குது. பாத்தன்னா ஆடிப் போயிடுவ. தங்கக் கோபுரமெல்லாம் அதுங்கிட்ட தூசி.”

திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பெரியவர்கள் ரகசியம் ரகசியம் என்று சொல்வதைக் கேட்டு, ஐந்து தலைப் பாம்பு ஒன்று மாணிக்கத்தைக் கக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். அதையும் அவள் காதில் மெதுவாகப் போட்டுவைத்தேன்.

மாமாவும் நானும் சட்டையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டோம். கூட்டம் நெரித்தது. தீட்சிதர் நடராசருக்குத் தீபம் காட்டிவிட்டுப் பக்கத்தில் தொங்கிய திரையிடம் போனார். திரையை விலக்கித் தட்டைத் தூக்கினார். எல்லோரும் ஓவென்று சாமியைக் கூப்பிட்டார்கள். “கும்புடுடா!” என்று அம்மா என் மண்டையில் தட்டினாள். தீபம் காட்டும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கும்பிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். மூடினேன். ‘சாமி, உள்ள இருக்கிறது பெருசா இருக்கணும், மானத்தக் காப்பாத்து’ என்று மனமுருகி வேண்டினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணைத் திறந்தபோது திரை மூடிக் கிடந்தது.

பக்கத்தில் பார்த்தேன். அம்மா அப்போதுதான் கண்ணைத் திறந்துகொண்டிருந்தாள். மாமாவுக்குக் கண்ணீர் முட்டி நின்றதில் எதிரே ஒன்றும் தெரிந்திருக்காது. ஊர்க்காரர்கள் நாங்கள் இப்படி நின்றிருக்க, அந்த ரங்கூன்காரி மட்டும் கண்ணைச் சிமிட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கும்பிட வரவில்லை, பார்க்க வந்தவள்.

வெளியே குளத்தங்கரைப் படியில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய இட்லியையும் கொத்சுவையும் பிரித்தோம். எனக்கு இட்லி இறங்கவில்லை.

“என்னா இருந்தது?” என்றேன்.

“ஒண்ணுமில்ல.”

“சும்மா சொல்லு. பாம்புதான?”

“ஒண்ணுமே இல்லடா. செவுரு. அதும்மேல தங்கத்துல எல கோத்துத் தொங்க உட்டிருக்காங்க. அவ்ளோதான். நடுவுல காலியா இருக்குது.”

“பொய் சொல்ற.”

“அத்தை, நீங்களே சொல்லுங்க.”

அம்மா பயந்துகொண்டே அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். “ஆமா கண்ணு. அங்க ஒண்ணும் இருக்காது. அதான் ரகசியமாம்.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. என்னைப் பெற்ற தாயே அவளோடு சேர்ந்துகொண்டு என்னிடம் மறைக்கிறாள்! மாமா கையிலிருந்த இட்லியைக் கீழே வைத்தார். சட்டையில்லாத தன் மார்பைக் குனிந்து பார்த்துக்கொண்டு, “ஒண்ணுமில்லாத நமக்குன்னே ஒக்காந்திருக்குற சாமிதான்க்கா,” என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து முதல் தடவை. மாமாவும் சிரித்தார், அம்மாவும் சிரித்தாள். என்ன வேடிக்கை என்று தெரியாமல் நான் ஒருத்தன் மட்டும் உர்ரென்று இருந்தேன். அவள் என் இலையிலிருந்த இட்லியையும் எடுத்துக்கொண்டு, கொத்சுவில் தோய்த்துத் தின்றபடியே சொன்னாள்.

“அப்பா, மெட்ராசு வேணாம்ப்பா.”

அம்மா எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்து குளத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு என்னைக் கட்டிப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். மீன் வாசம் வீசும் அந்த முத்தத்தில் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. தேசத்தை நான் காட்டிய விதம் அப்படி!

அப்புறம் அந்த ரகசியத்தைக் கறக்க நான் படாத பாடு பட்டேன். நண்டு பிடித்துக் கொடுத்தேன், பண்ருட்டிப் பலாச்சுளை திருடிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் வாங்கித் தின்றுவிட்டு “ஒண்ணுமில்லடா” என்று அதையே சொன்னாள். குப்பத்துப் பையன்களிடம் நான் பார்த்துவிட்டதாகவே சொல்லியிருந்தேன். என்ன பார்த்தாய் என்று கேட்டால், “அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது மச்சான்” என்பேன். பார்த்தவள் உள்ளதைச் சொன்னாள், ஒருத்தரும் நம்பவில்லை. பார்க்காதவன் வாயைத் திறக்கவில்லை, எல்லோரும் நம்பினார்கள்.

சிதம்பரம் போய் வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, மாமா எங்கேயும் போகவில்லை. எங்கள் குடிசைக்குப் பக்கத்தில் வெறும் மணலாகக் கிடந்த இடத்தில் குதிகாலால் கோடு இழுத்துக்கொண்டே நடந்தார். இது சமையல் பக்கம், இது படுக்கிற பக்கம் என்று அம்மாவுக்குக் காட்டினார். கோட்டில் ஓர் இடத்தில் இடைவெளி விட்டிருந்தார். மாமா பெண் அந்த இடைவெளி வழியாகக் குனிந்து உள்ளே போய், நடுவில் காலை மடக்கி உட்கார்ந்தாள். நான் என்பாட்டுக்குக் கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தேன்.

“டேய், செவுத்துல ஏறி வர்ற! வாசப்படி வழியா வா!” என்று கத்தினாள்.

நான் சுற்றிலும் பார்த்தேன். மணல், அதில் கொஞ்சம் கிளிஞ்சல், நாலு கோடு.

“எங்க? இங்க ஒண்ணுமே இல்லியே!” என்றேன்.

அவள் மணலில் விழுந்து விழுந்து சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று, உள்ளதைத்தானே சொன்னேன் என்று, நான் கோபித்துக்கொண்டு கடலைப் பார்க்க நடந்துவிட்டேன்.