நங்கூரம் தட்டும் நான் விட்ட பிழையும்

திருகோணமலை லிங்கநகரிற் பிறந்து, துறைமுகத்தில் கணக்கெழுதும் லிகிதராக இருந்து, நாற்பத்துநான்காம் வயதில் எங்களைப் பிரிந்த அண்ணாவின் அந்தியேட்டிக் கிரியை நாளில் அமைதியாக இருக்கச் சொல்கிறார்கள். அவர் இருந்த இடத்தில் அமைதி இருந்ததேயில்லை.

பெரிய கம்பனிகள் திருகோணமலைக்காரரின் பொப் பாட்டைத் தொடவில்லை. அண்ணா தானே கம்பனியானார். கப்பல் மாலுமி ஒருவரிடம் ஒலிப்பதிவுக் கருவி வாங்கி, சமையல் குசினியில் எதிரொலி அடங்கச் சாக்குத் தொங்கவிட்டுப் பாடினார். கிண்ணியாவின் முஸ்லிம் நண்பர் சேகு நானா மேளம் அடித்தார். கொழும்பில் இசைத்தட்டாக்கி, ‘நங்கூரம்’ என்று பெயரிட்டார்.

முதற்பாட்டு, மூதூருக்குப் போகும் லாஞ்சிப் படகைத் தவறவிட்ட மாப்பிள்ளையைப் பற்றிய பகிடிப் பாட்டு. படித்தவன் என்ற பெயரில், தட்டின் நடுவில் ஒட்டும் சிட்டையை மெய்ப்புப் பார்த்தவன் அடியேன். ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தினேன். தட்டுச் சுழலும் வேகம் நாற்பத்தைந்துக்குப் பதிலாக முப்பத்துமூன்று என்றிருந்ததைக் காணவில்லை. சிட்டையை நம்பியவர்களுக்குப் பாட்டு ஒப்பாரியாய் இழுபட்டு, மாப்பிள்ளை கடலில் மூழ்கியே போனார். கட்டைபறிச்சானில் ஒரு செத்தவீட்டில் அதைப் போட்டு அழுதார்களாம்.

“ஒரு தட்டில ரெண்டு பாட்டு, தம்பி. உன்ர புண்ணியம்,” என்று அண்ணா சிரித்தார். அடுத்த மூன்று தட்டுகளுக்கும் மெய்ப்பு வேறு ஆள்.

இனக்கலவரத்தன்று பட்டப்பகலில், தட்டு விற்க அண்ணா வைத்திருந்த கடைக்குள் காடையர்கள் பொல்லும் வாளுமாகப் புகுந்தார்கள். தட்டுகளை மிதித்து உடைத்தார்கள். அண்ணாவின் பற்களையும் உடைத்தார்கள். மிஞ்சியிருந்த முதல் தட்டொன்றைத் தூக்கி ஒருவன் தமிழிலேயே கேட்டான்.

“இயக்கப் பாட்டோ?”

“கலியாணப் பாட்டு,” என்றார் அண்ணா, இரத்தத்தைத் துப்பிவிட்டு.

“போடு பாப்பம்.”

அண்ணாவை இருவர் பிடித்திருந்ததால் என்னைப் பாட்டுப்பெட்டியடிக்குத் தள்ளினார்கள். அச்சில் இருப்பதை நம்புவது என் நோய். பயத்தில் சிட்டையைப் பார்த்து முப்பத்துமூன்றில் வைத்தேன். பெட்டியிலிருந்து ஒப்பாரி எழுந்தது.

“செத்த இயக்கப் பெடியளுக்கு அழுறியளோ?”

“வேகம் பிழை, பொறுங்கோ.” அண்ணா திமிறிக்கொண்டு வேகம் மாற்றும் பிடிக்குக் கை நீட்டினார். வாள் மணிக்கட்டில் இறங்கியது. அடுத்தது விலாவில். பிறகு கடைக்கு நெருப்பு வைத்தார்கள்.

சேகு நானாவின் வண்டியில், ஆசுபத்திரிக்குப் போகும் வழியில் அண்ணா கேட்டது ஒன்றுதான்: “நாப்பத்தஞ்சில போட்டனியோ?”

“ஓம்,” என்றேன்.

தன் உயிரைப் பாராது வந்த நானாவுக்கும், எங்களை ஒளித்துவைத்த அயலவர்க்கும், பாடை சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செத்தவீட்டில் நானா தன்னிடமிருந்த தட்டைச் சரியான வேகத்தில் போட்டபோது, இங்கே கலியாணப் பாட்டா என்று சிலர் முகம் சுளித்தீர்கள். அதுதான் அண்ணாவின் குரல்.

இந்த நினைவு மலரையும் நானே மெய்ப்புப் பார்த்தேன். பிழை கண்டால் பொறுக்கவேண்டாம். உடனே வந்து சொல்லுங்கள்.