காசிம் பாய் சொல்லாமல் விட்ட பெயர்கள்

காசிம் பாய் இறந்த செய்தியை, மீன் வாங்க வந்த தண்டையார்பேட்டைப் பெண் ஒருத்தி சொன்னாள். அடக்கம் முடிந்து இரண்டு நாளாகிவிட்டதாம். எண்ணூர்க் கழியோரத்துச் சர்க்கார் காட்டுக்குப் பல வருஷம் வாச்சராக, காவல் ஆளாக, இருந்த மனிதர். அந்தக் கரையில் வலை போடும் நம்மில் ஒருவர்கூட அவருக்குப் பிடி மண் போடவில்லை. இப்போது நம் சங்கத்தார் கூட்டம் போடப் போகிறார்களாம். "தானா எய்தப் படிக்கக் கத்துகினவன் நீதான் நைனா, நாலு நல்ல வார்த்த எய்திக் குடு" என்று கேட்டார்கள். எழுதுகிறேன். நல்ல வார்த்தையா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காடு என்றால் சேற்றில் வேர் பரப்பி நின்ற கண்டல் மரங்கள். யாரும் வெட்டக்கூடாது என்று சர்க்கார் அதை ஒதுக்கி, சுற்றிலும் எல்லைக் கல் நட்டிருந்தது. அந்த வேர்களுக்கு நடுவில்தான் எறாக்குஞ்சு, அதாவது இறால் குஞ்சு, வளரும். பாய் சேற்றில் கையை விட்டு அள்ளிக் காட்டுவார். "மரம் சர்க்காருது, எறா உங்குளுது. மரத்த உட்டா ரெண்டும் பூடும்" என்பார்.

ஒருநாள் என் மனைவி அடுப்புக்குப் பச்சைக் கிளை வெட்டி மாட்டிக்கொண்டாள். பாய் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டார். நான் சண்டைக்குப் போனேன்.

"இன்னா பாய், ஒரு கிளைக்கு இம்மாம் பேஜாரா? காடே பூடுமா?"

"பூடாது. நாளைக்கு பக்கத்து வூட்டுக்காரி வருவா, அப்பால அவ மாமியா வருவா. காஞ்சது கெடக்குது, பொறுக்கிக்கச் சொல்லு. திட்டணும்னா என்னத் திட்டு, நாளெல்லாம் நின்னு கேக்குறேன்."

திட்டினேன். நின்று கேட்டார். பிறகு அரிவாளைத் திருப்பிக் கொடுத்தார்.

யுத்தம் வந்தது. இரும்பு நங்கூரம் கிடைக்கவில்லை. வெறும் மணலாய்க் கிடக்கும் நம் கரையில் கருங்கல் ஏது? எல்லைக் கல்தான் இருந்தது, நீளமாக, கயிறு கட்ட வாகாக. ஒருவன் பிடுங்கினான். பிறகு எல்லோரும் பிடுங்கினோம். முகத்துவாரத்திலிருந்து நாலாவது கல் நான் எடுத்தது. பாய் படகு படகாக வந்து, "கல்லு போனா கோடு பூடும்யா. சண்ட முடிஞ்சதும் நட்டுடுங்க" என்றார். சரி என்றோம். மேலிடத்துக்கு அவர் எழுதவில்லை. அவர் செய்த ஒரே தப்பு அது: நம் பேச்சை நம்பினார். யுத்தம் முடிந்தது. நாம் நடவில்லை.

பக்கத்து நிலத்தை உப்பளத்துக்குக் குத்தகை எடுத்த காண்ட்ராக்டர், காட்டின் எல்லையை அளக்கச் சர்வேயரோடு வந்தான். பாய் வெறுங்காலோடு எல்லை முழுக்க நடந்து, கல் இருந்த ஒவ்வொரு இடத்தையும் குதிகாலால் மிதித்துக் காட்டினார்.

காண்ட்ராக்டர் சிரித்தான். "பாய் கால் வெச்ச எடமெல்லாம் காடா சார்? கல்லக் காட்டச் சொல்லுங்க."

கல் அத்தனையும் நம் படகுகளுக்கு அடியில் தண்ணீருக்குள் கிடந்தது. யார் எடுத்தது என்று சர்வேயர் கேட்டார். சர்க்கார் கல்லைத் திருடினால் ஜெயில். குப்பமே கரையில் நின்றது. ஒரு வாயும் திறக்கவில்லை. பாய் ஒருமுறை நம்மைத் திரும்பிப் பார்த்தார். "தெரியாது சார். நான் பாக்காத நேரத்துல பூட்ச்சு" என்றார்.

ஆபீஸில் வரைபடம் இருந்தது. அதை எடுத்துப் பார்க்க எந்த அதிகாரிக்கும் மனம் வரவில்லை. கோடு உள்ளே நகர்ந்தது. மரங்களை வெட்டிப் பாத்தி கட்டினார்கள். கடமை தவறினார் என்று பாயை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

பிறகு ஒருமுறை பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"எறா வருதா?" என்றார்.

"இல்ல பாய்."

"அப்பால இன்னா மன்னிப்பு? வழிய உடு" என்று மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு போனார்.

கூட்டத்தில் அவரைத் தியாகி என்று பேசப் போகிறீர்கள். அவர் தியாகம் செய்யவில்லை. நாம் அவரைத் தின்றோம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது நமக்காக அவர் சொன்ன அந்த ஒரு பொய். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஜெயிலுக்கு வெளியே பிழைத்தேன். இனி அது எனக்கு வேண்டாம். அவர் கடமை தவறவில்லை, கல்லை எடுத்தவர்கள் நாங்கள் என்று வன இலாகாவுக்கு எழுதி, முதலில் என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். கூட்டத்து வாசலில் அந்தத் தாளோடு உட்கார்ந்திருப்பேன். மாலையோடு வருகிறவர்கள் அதில் கைநாட்டு வைத்துவிட்டு உள்ளே போகலாம்.