மாதாவின் இடது கன்னம்

மன்னாரிலிருந்து ஜேர்மனிக்கு அகதியாக வந்து, கொலோன் நகரில் தொழிற்பயிற்சி முடித்து, பழைய ஓவியங்களைச் செப்பனிடும் பட்டறையில் நிலைத்தவர் பிளோறன்ஸ். 2006 வசந்தத்தில் அவருடைய மேசைக்கு, தமிழ்ப் பூசைக்கு அவர் போகும் கோவிலின் மாதா படமே வந்து சேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில், பரோக் கால ஓவியர் ஒருவர் தீட்டியது. மாதா கருத்திருந்தார். எங்கட மாதா என்று தமிழர் உரிமை கொண்டாடியது அந்த நிறத்துக்காகத்தான்.

அது மெழுகுதிரிப் புகையும் பழுத்த வார்னிஷும் என்பது பிளோறன்ஸுக்குத் தெரியும். பூசையை ஒழுங்கு செய்யும் ஜேசுரட்ணத்திடம் அதைச் சொன்னார்.

"பிள்ளை, மாதாவை வெள்ளைக்காரி ஆக்கிப்போடாதை. சனம் என்னை உரிச்சுப்போடும்."

"ஊத்தையை எடுக்காமல் விட ஏலாது அண்ணை."

கரைப்பானில் நனைத்த பஞ்சை உருட்ட உருட்ட, வலது கன்னம் பால் நிறத்தில் வெளிவந்தது. இனி எந்த முகத்தோடு பூசைக்குப் போவது?

இடது கன்னத்தில் வார்னிஷுக்குக் கீழே தடித்த ரோசாப் பூச்சு இருந்தது. அது வெடிப்புகளுக்குள்ளும் இறங்கியிருந்ததால், படம் வெடித்த பிறகு யாரோ பூசியது என்று தெளிவானது. அதை நீக்கினார். கீழே மண்ணிறம். தேய்ந்த இடமோ என்று உருப்பெருக்கியில் பார்த்தார், தேய்வே இல்லை. துணியில் முதலில் இட்ட அடிப்பூச்சை, நிழல் பக்கத்தில் ஓவியர் அப்படியே விட்டிருந்தார். வெளிச்சம் விழும் பக்கத்தில் மட்டும் வெள்ளையைத் தடிப்பாக ஏற்றியிருந்தார். தீட்டாமல் விட்டதுதான் நிழல். அதைப் பழுதென்று எண்ணி, முன்பு திருத்தியவர் மூடிவிட்டார்.

படம் திரும்பிவந்த ஞாயிறு, பூசை முடிய ஜேசுரட்ணம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"வலப்பக்கம் அவையின்ர, இடப்பக்கம் எங்கட! பிளோறன்ஸ் எங்களுக்காண்டி மண்ணிறம் பூசித் தந்திருக்கிறா!"

கோவில் அதிரக் கைதட்டினார்கள். பிளோறன்ஸுக்குக் காது சுட்டது. மூல ஓவியத்தின் மேல் தன் விருப்பத்துக்கு நிறம் பூசுவது அவருடைய தொழிலில் மன்னிப்பில்லாத குற்றம். பேசாமல் இருந்தால் எல்லோருக்கும் சந்தோசம். ஆனாலும் எழுந்தார்.

"நான் பூசேல்லை அண்ணை. அந்த ஓவியர் விட்ட நிறம் அது."

கைதட்டல் ஓய்ந்தது. முன் வாங்கிலிருந்து செல்லம் அக்கா திரும்பினார்.

"அப்ப அந்த மனுசன் தெரிஞ்சே விட்டவரோ?"

"ஓம் அக்கா."

செல்லம் அக்கா படத்தை நெடுநேரம் பார்த்தார். "அது இன்னும் நல்லம்," என்றார்.

ஜேசுரட்ணத்துக்குத்தான் மனம் ஆறவில்லை. ஒலிவாங்கியை நிறுத்திவிட்டு, கிட்ட வந்து கேட்டார்:

"கொஞ்சமெண்டாலும் பூசேல்லையோ, பிள்ளை?"

"இல்லை அண்ணை."