தெற்கு சூடானுக்குப் போன காப்பிப் பொடி

என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். அமைதிப் படையோடு அவன் தெற்கு சூடானில் இருந்தபோது, விடுப்பு முடிந்து அங்கே திரும்பிய அவன் நண்பரிடம் ஒரு பார்சல் கொடுத்தனுப்பினேன். பருப்புப் பொடி, உப்பு நார்த்தங்காய், மயிலாப்பூர் மாட வீதியில் கண்ணெதிரே அரைத்து வாங்கிய அரைக் கிலோ காப்பிப் பொடி. சிக்கரி ஒரு துளிகூடக் கலக்கக் கூடாது என்று கடைக்காரரிடம் சண்டையே போட்டேன்.

நண்பர் விமானம் ஏறிய பிறகுதான் ஃபில்டர் வைக்கவில்லை என்று உறைத்தது. வீட்டில் எல்லோரையும் திட்டித் தீர்த்தேன். பார்சல் கட்டியது நான் மட்டும்தான்.

போனில் கேட்கும்போதெல்லாம், "காப்பிப் பொடி பிரமாதம்க்கா" என்பான். எப்படியோ வடிகட்டிக் குடிக்கிறான் என்று நிம்மதியாக இருந்தேன்.

அவன் ஊர் திரும்பியதும் அழுக்குத் துணி எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். காப்பிப் பொடி கொஞ்சமும் குறையாமல் இருந்தது. பொட்டலத்தின் வாயைப் பிரித்து, மடித்து, ரப்பர் பேண்ட் போட்டிருந்தான்.

"ஏண்டா, குடிக்கவே இல்லையா?"

"தினமும் காலையில திறந்து மோந்து பாத்துட்டு மூடி வெச்சுடுவேன்க்கா."

"ஃபில்டர் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருந்தா அனுப்பியிருப்பேனே!"

"அதான் சொல்லலை," என்றான். "குடிச்சா தீர்ந்துடுமே."