அதை மேலே கொண்டுபோய் விட்டவர்

இதை எழுதுகிறவன் முதல் வேலையில் சேர்ந்த அன்று, அந்தப் பழைய கட்டிடத்தின் லிஃப்ட் வாசலில் நின்று பொத்தான் எங்கே என்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தான். கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனிதர் சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "சுவத்துல என்னத்தத் தேடுற தம்பி? இங்க நான்தான் பொத்தான். மேலயா, கீழயா?" என்றார்.

தரைத்தளத்துக்குக் கீழே இருந்தது தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் அறை மட்டும்தான். அங்கே யார் போவார்கள்? கேட்டதற்கு, "எல்லாரையும் கேக்குறதுதான். நீ மட்டும் என்ன ஒசத்தியா?" என்றார்.

நான்காவது மாடி வருவதற்குள் என்ன படிப்பு என்று விசாரித்தார். அவன் படிப்பைச் சொன்னான். தன் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியது தான்தான் என்பதையும் கேட்காமலே சேர்த்துக்கொண்டான். அவர் கைப்பிடியைத் தளர்த்தி லிஃப்டை நிறுத்தினார்.

"அப்ப உங்க வீட்டுக்கு நீதான் லிஃப்டு. எறங்கு, பாத்து கால வை."

அந்தக் கட்டிடத்தில் அவருக்கு மேலகீழ அண்ணன் என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டுவாடா செய்கிறவருக்கு மட்டும் தெரியும். முகம் பார்த்தே மாடி சொல்லிவிடக்கூடிய மனிதர் என்றாலும் ஏறுகிறவரிடம் மேலயா கீழயா என்று கேட்காமல் கதவைச் சாத்த மாட்டார். கேட்டால்தான் ஒரு பேச்சு பிறக்கும் என்பது அவர் கணக்கு. நாள் முழுக்க ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்குப் பேச்சும் இல்லையென்றால் பைத்தியம் பிடித்துவிடாதா?

அவர் பேச்சில் ஒரு வழக்கம் உண்டு. தள்ளி நிற்கிறவர்கள் எல்லாம் 'அவங்க.' மேனேஜர், வக்கீல், கட்டிடத்தின் செயலாளர் எல்லோரும் அந்த வரிசை. மனதுக்கு ஒட்டியவர்கள் 'அது.' மகளைச் சொன்னால், "அது மாப்பிள்ளையோட வந்திருக்கு." இரண்டாவது மாடி டைப்பிஸ்ட் அக்காவைச் சொன்னால், "பாவம், அது முட்டிவலியோட எப்படி நிக்குது பாரு." கிராமத்துப் பக்கம் பிறந்த காதுக்கு அந்த 'அது'வில் எவ்வளவு வாஞ்சை இருக்கிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஒரு சொல்தான் பின்னால் அவர் கழுத்தைச் சுற்றியது.

ஏழெட்டு வருடங்களுக்கு முன்னால், ஐந்தாவது மாடி இன்சூரன்ஸ் ஆபீசில் கணக்குப் பார்த்த ஒரு பெண் மொட்டைமாடியிலிருந்து விழுந்து இறந்துபோனாள். மராமத்துக்காகக் கைப்பிடிச்சுவரை ஒரு பக்கம் இடித்துப் போட்டிருந்த நேரம் அது. போலீஸ் வந்து விசாரித்து விபத்து என்று எழுதி முடித்தது. மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு வந்தது. கட்டிடம் மெல்ல மறந்தது. மேலகீழ அண்ணன் மட்டும் மறக்கவில்லை. அவளைக் கடைசியாக மேலே ஏற்றிவிட்டது அவர்தான்.

போன வருடம் ஒரு கம்பெனி அந்த மரணத்தைப் பற்றித் தொடராக ஆவணப்படம் எடுக்க வந்தது. முதலில் அண்ணன் மாட்டேன் என்றுதான் சொன்னார். அவரை இழுத்துவிட்டது மச்சான். மனைவியின் தம்பி, செல்போன் கடையில் வேலை. குற்றக் கதை, கொலைப் படம் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. எந்த ஊரில் எந்தப் புருஷன் காணாமல் போனாலும் மனைவியின் முழியைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுவான். சொல்வதோடு நிற்காமல் அதை நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதியும் போடுவான்.

"மாமா, இதெல்லாம் எல்லாருக்கும் கெடைக்குமா? உங்களுக்குத் தெரிஞ்சத சொல்லப்போறீங்க, அவ்வளவுதானே?"

படம் எடுக்கிறவர்கள் விளக்கைக் குறைத்து, அவரைக் கம்பிக்கதவுக்கு உள்ளே உட்காரவைத்து, கேமராவை வெளியே வைத்தார்கள். கதவைத் திற, மூடு, இன்னும் மெதுவாக மூடு என்று அவரைப் பாடாய்ப் படுத்தினார்கள். பிறகு அவர் பேசினார். காலையிலிருந்து மத்தியானம் வரை, அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒன்றுவிடாமல் சொன்னார். நடுவில் ஒருமுறை மூக்கைச் சிந்தினார்.

படம் வெளிவந்த அன்று குடும்பமே மச்சானின் போனைச் சுற்றி உட்கார்ந்தது. மூன்றாவது பாகத்தில் அவர் வந்தார். சிறைக்கம்பிக்குப் பின்னால் இருப்பதுபோல் பாதி முகம் இருட்டில் கிடந்தது. "அது தெனமும் சிரிச்சுக்கிட்டே வரும். அன்னைக்கு நான்தான் அதை மேல கொண்டுபோய் விட்டேன்." அவ்வளவுதான். ஒரு இசை வந்து, லிஃப்டின் கயிறு ஆடுவதைக் காட்டி, அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள்.

"பவுடர் போட்டுக்கங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்ல? பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க," என்றாள் மனைவி.

"அரை நாளு பேசினேனேடி. மிச்சத்தை எல்லாம் என்னடா பண்ணாங்க?"

"எடிட்டிங் மாமா," என்றான் மச்சான், தானே வெட்டியதைப் போல.

படத்தில் யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. கேள்விகள் மிச்சமிருக்கின்றன என்று முடித்துக்கொண்டார்கள். மிச்சத்தை ஊரே எடுத்துக்கொண்டது. துப்புத் தம்பி என்று ஒருவன், படுக்கையறைத் திரைச்சீலைக்கு முன்னால் உட்கார்ந்து வீடியோவில் வழக்குகளை அலசுகிறவன், அந்தத் துண்டை மட்டும் வெட்டித் திரும்பத் திரும்ப ஓட்டினான்.

"கவனிங்க மக்களே! 'அவங்கள'ன்னு சொல்லல. 'அவள'ன்னு கூடச் சொல்லல. 'அதை'! ஒரு மூட்டையைத் தூக்கிட்டுப் போற மாதிரி சொல்றாரு பாருங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். மேல போறதுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணு 'அது' ஆயிடுச்சா?"

மறுநாள் அவர் மேலயா கீழயா என்று கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு பையன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டே ஏறினான். முன்பின் தெரியாதவர்கள் தெருவிலிருந்து வந்து லிஃப்டுக்கு முன்னால் படமெடுத்துப் போனார்கள். பெண்கள் ஒவ்வொருவராகப் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கினார்கள். இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டார். ஒரு நாள் காலை டைப்பிஸ்ட் அக்கா லிஃப்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி ஒரு படி ஏறி நின்று மூச்சு வாங்கி, அடுத்த படிக்குக் காலை எடுத்தாள். அவர் கதவைத் திறந்தபடியே, அவள் இரண்டாவது மாடி போய்ச் சேரும்வரை உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் அன்று சாப்பிடும்போது மச்சான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா? கோச்சுக்கக் கூடாது."

"கேளு."

"இல்ல... அன்னைக்கு லிஃப்டுல நீங்களும் அந்தப் பொண்ணும் மட்டும்தானே இருந்தீங்க?"

அண்ணன் வாயில் போட்டதை மெல்லாமல் அப்படியே இருந்தார். மனைவிதான் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏண்டா, தின்ன சோத்துக்கு இதுவாடா கேள்வி? அந்த மனுசன் ஒரு பல்லியை அடிச்சிருப்பாரா? கூட்டிட்டுப் போய்க் கேமரா முன்னாடி உக்கார வச்சது யாரு? துப்புத் தம்பியாம் தும்பிக்கைத் தம்பியாம்! எந்திரிச்சுப் போடா!"

"விடு. அவனும் படம் பாத்தவன்தானே," என்றார் அண்ணன். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் மச்சானைக் கொன்றது.

பரிகாரம் செய்கிறேன் என்று மச்சான் மறுநாளே கிளம்பினான். விளக்கம் சொல்லி ஒரு வீடியோ போட்டுவிடலாம் என்றான். வீட்டுச் சுவருக்கு முன்னால் மாமாவை நிற்கவைத்தான்.

"அதுன்னு வாயில வரவே கூடாது மாமா. அவங்க. சொல்லுங்க."

"அவங்களை நான்தான்... அவங்கன்னா யாரோ மாதிரி இருக்குடா."

"இருக்கட்டும். இன்னொரு தடவை."

"அது என்கிட்ட..."

"மாமா!"

கடைசியில் ஒருவழியாக 'அவங்க' என்று எட்டு இடத்தில் சொல்லி முடித்தார். பரீட்சை எழுதி வந்த பிள்ளைபோல் சட்டை நனைந்திருந்தது. துப்புத் தம்பி அதையும் விடவில்லை. "ஏன் இப்ப மட்டும் 'அவங்க'? யாரு சொல்லிக்குடுத்தது? ஒவ்வொரு வாட்டியும் கண்ணு எங்க போகுது பாருங்க மக்களே." கண் போனது மச்சானிடம். சரியாகச் சொன்னோமா என்று பார்த்திருக்கிறார்.

அன்றிரவே மச்சான் தான் எப்போதோ எழுதிப் போட்டதையெல்லாம் தேடித் தேடி அழித்துக்கொண்டிருந்தான் என்று அவன் அக்கா பின்னால் சொன்னாள். எங்கோ ஒரு புருஷனை இழந்தவளின் முழியைப் பற்றி எழுதியதும் அதில் இருந்ததாம்.

கட்டிடத்தின் செயலாளர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான். எதிரே உட்காரச் சொன்னார்.

"உங்களை எனக்குத் தெரியாதாய்யா? ஆனா கமிட்டியில தெனமும் என்னைப் பிச்சுத் திங்கிறாங்க. பொம்பளைப் பிள்ளைங்க ஏற மாட்டேங்குதுங்க. ஆபீசைக் காலி பண்றேன்னு ரெண்டு பேரு சொல்லிட்டாங்க. அந்தப் பொண்ணு வீட்டுல யாராவது ஒரு வார்த்தை, இவரு மேல எங்களுக்குச் சந்தேகம் இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டா, நான் எல்லார் வாயையும் அடைச்சிருவேன். மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல என் கையில இல்லை."

"அவங்க வீட்டுல போயி நான் எப்படி சார் கேக்குறது?"

செயலாளர் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார்.

கேட்கப் போகவில்லை. ஆனால் மாதம் முடியும் முன் அந்த வீட்டிலிருந்தே ஆள் வந்தது. ஒரு மத்தியான நேரம், வயதான ஒரு அம்மா வாசலில் நின்று லிஃப்டையே பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினார். மூக்கும் நெற்றியும் அந்தப் பெண்ணுடையவை. அண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"இந்த லிஃப்டுதானா?"

"இதுதாம்மா."

அந்த அம்மா உள்ளே வந்து ஓரமாக நின்றார். மேலயா கீழயா என்று அண்ணனால் கேட்க முடியவில்லை. "மேல விடுங்க," என்று அந்த அம்மாவே சொன்னார். மகள் வேலை பார்த்த ஐந்தாவது மாடி வந்ததும் அண்ணன் நிறுத்தினார். கதவைத் திறக்கவில்லை.

"படத்துல உங்களைப் பாதியிலயே நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறமும் உங்க வாய் அசைஞ்சுச்சு. நான் திருப்பித் திருப்பிப் பாத்தேன். மீதி என்ன சொன்னீங்க?"

அத்தனை பேர் பார்த்த படத்தில் மீதியைக் கேட்ட ஒரே ஆள்.

"போன்ல பேசணும், உள்ள சிக்னல் எடுக்கல, மேல விடுங்கண்ணேன்னாங்க. நான், சுவரை இடிச்சுப் போட்டிருக்கு, அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு அவங்ககிட்ட..." மச்சான் சொல்லிக்கொடுத்தது குறுக்கே வந்து நின்றது. "அவங்க..."

"அதுன்னே சொல்லுங்க. வீட்டுல நாங்களும் அதுன்னுதான் சொல்லுவோம்."

அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"'நான் என்ன சின்னக் குழந்தையாண்ணே?'ன்னு கேட்டுச்சும்மா. சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டுச்சு. சிரிச்சுக்கிட்டேதான் போச்சு."

அந்த அம்மா தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்படித்தான் சொல்லும். பால் பல்லு விழறதுக்கு முன்னாடியே அது அப்படித்தான் சொல்லும்."

இறங்கும்போது இரண்டாவது மாடியில் டைப்பிஸ்ட் அக்கா படிக்கட்டை நோக்கி நின்றிருந்தாள். உள்ளே முந்தானையால் முகம் துடைக்கும் அந்த அம்மாவைப் பார்த்தாள். லிஃப்டை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டி ஏறிக்கொண்டாள். "கீழ," என்றாள்.

விஷயம் தெரிந்ததும் மச்சான் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"ஐயோ மாமா! ஒரு நிமிஷம் அந்தம்மாவைப் பேசவச்சு எடுத்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்குமே! செயலாளரு கேட்டது அதைத்தானே? நம்பராவது வாங்கினீங்களா?"

"இல்ல."

"ஏன் மாமா?"

"அந்தம்மா கேக்கத்தாண்டா வந்தாங்க," என்றார் அண்ணன். "காட்ட வரல." துண்டை உதறித் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார்.

மாதக் கடைசியில் செயலாளர் மறுபடி கூப்பிட்டார். யாராவது வந்தார்களா, ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். இல்லை சார் என்று சொல்லிவிட்டு, லிஃப்ட் சாவியை அண்ணனே மேசையில் வைத்தார்.

துப்புத் தம்பி இப்போது வேறொரு ஊரில் வேறொரு வழக்கில் இருக்கிறான். லிஃப்டைக் கழற்றிப் பொத்தான் வைத்தது ஒன்று மாட்டிவிட்டார்கள். மேலயா கீழயா என்று அது யாரையும் கேட்பதில்லை. மேலகீழ அண்ணன், செயலாளர் மாற்றிவிட்டதில், கீழ்த்தளத்து மோட்டார் அறையில் இருக்கிறார், அதே சம்பளம், அதே ஸ்டூல். தண்ணீர் ஏற்றுவதும் நிறுத்துவதும் வேலை. டைப்பிஸ்ட் அக்கா எப்போதாவது படியிறங்கி வந்து டீ கொடுத்துவிட்டுப் போகிறாள். மகளுக்குப் பெண்குழந்தை பிறந்திருக்கிறது. இதை எழுதுகிறவன் பேத்தி எப்படி இருக்கிறாள் என்று போன வாரம் கேட்டான்.

"நல்லா இருக்காங்க," என்றார் அவர், மோட்டாரை நிறுத்திவிட்டு. "தூங்குறாங்க."